டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒரு அணிக்கு 8 பேர், ஆனால் மஞ்சள் ஜெர்சி ஒருவருக்குத்தான். மீதி 7 பேர் எதற்கு?

காற்று வாங்குவதற்கு. எங்கள் வேலூரில் காற்று வாங்குவது என்றால் சாயங்காலம் கோட்டை அகழி ஓரமாகப் போய் உட்காருவது. அங்கே காற்று வாங்குவது என்றால் நெஞ்சில் வாங்குவது, இன்னொருவனுக்காக.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் மற்றது புரியாது. ஜூலை மாதம் 23 நாள், அதில் 2 நாள் ஓய்வு, மீதி 21 நாளும் நாளுக்கு ஒரு ஸ்டேஜ், மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள், கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. கும்பலாக வந்து சேர்ந்தால் கும்பலில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரம். அதனால் ஒரு நாள்கூட முதலில் வராமல் மொத்தத்தையும் ஜெயிக்கலாம். 1990-ல் கிரெக் லெமாண்ட், 2017-ல் கிறிஸ் ஃப்ரூம் இருவரும் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காமல் பட்டத்தைக் கொண்டுபோனவர்கள்தான்.

இதை முதன்முதலில் டிவியில் பார்த்த எங்கள் நைனா, "இது அந்தக் காலத்துல மைதானத்துல கீழ எறங்காம ராவும் பகலும் சைக்கிள் ஓட்டினு இருப்பானே, அதுவா?" என்று கேட்டார். இல்லை நைனா, இவர்கள் ராத்திரி ஓட்டலில் தூங்குகிறார்கள் என்றேன். ஆனால் 1903-ல் நடந்த முதல் போட்டி கிட்டத்தட்ட நைனா சொன்ன மாதிரிதான். 2,428 கிலோமீட்டர், வெறும் 6 ஸ்டேஜ், ராத்திரியிலும் மிதித்தார்கள். கிளம்பியவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21 பேர்.

சரி, காற்றுக்கு வருகிறேன். டூர் நடக்கிற ஜூலை நமக்கு ஆனியும் ஆடியும். ஆடிக் காற்றில் பாலாற்றுப் பாலத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதைப் பாதி விளக்கினால் போதும். மேற்கிலிருந்து வரும் காற்று பாலத்துக்குக் குறுக்கே அடிக்கும். காட்பாடியிலிருந்து வேலூருக்குத் திரும்பும்போது காற்று வலது பக்கம், அதனால் நம்மை அறியாமலே வலது பக்கம் சாய்ந்துதான் ஓட்டிக்கொண்டிருப்போம். ஒரு பஸ் வலது பக்கமாக நம்மைத் தாண்டும், அந்த ஒரு நொடி காற்று நின்றுவிடும், சாய்ந்த உடம்பு அப்படியே பஸ் பக்கம் போகும். டியூஷன் போய்வந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை வயிற்றைக் கலக்கியது என்று கணக்கே இல்லை.

சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கொடுக்கிற உழைப்பில் முக்கால்வாசிக்கு மேல் காற்றைத் தள்ளவே போய்விடும். முன்னால் போகிறவரின் டயரை ஒட்டிக்கொண்டு போனால் அந்த உழைப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், பெரிய கும்பலுக்கு நடுவே ஒளிந்துகொண்டால் இன்னும் அதிகம். காற்று குறுக்கே அடித்தால் நேர் பின்னால் நின்று பிரயோஜனம் இல்லை, ஒருவருக்கு ஒருவர் காற்று படாத பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, சாய்வு வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் ரோட்டின் அகலத்துக்கு எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் அந்த வரிசையில் இடம். இடம் கிடைக்காதவர்கள் ரோட்டு ஓரத்தில் தனியாகக் காற்று வாங்கி, பத்து நிமிடத்தில் பின்தங்கிப் போவார்கள். மலையே இல்லாத நாளில்கூடப் பட்டம் கைநழுவுவது இப்படித்தான்.

என் சொந்தக் கதை ஒன்று. பிளஸ் டூ முடித்த வருடம், ஆடி மாதம், நாங்கள் ஐந்து பேர் பந்தயம் கட்டிக்கொண்டு வேலூரிலிருந்து ஏலகிரிக்குச் சைக்கிளில் கிளம்பினோம். கியரும் கிடையாது ஒன்றும் கிடையாது, கேரியர் வைத்த சாதா சைக்கிள். எங்கள் செட்டில் ஒருவனுடைய அப்பாவுக்கு சத்துவாச்சாரியில் சைக்கிள் கடை. முந்தின நாள் ராத்திரி ஐந்து வண்டிக்கும் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, என் வண்டிக்குப் பால்ரஸ்கூட மாற்றிக் கொடுத்தான். பெங்களூரு ரோட்டில் ஏறியதும் எதிர்காற்று. பள்ளிகொண்டா வருவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. அவன் முன்னால் போய், "ஒட்டிக்கினு வாங்கடா, கேப் உடாதீங்க" என்றான், அவ்வளவுதான். ஆம்பூர் வரைக்கும் அவனேதான் முன்னால். பிரியாணி சாப்பிட்ட பிறகு வாணியம்பாடி தாண்டியும் அவனேதான். அவன் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புக்கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பின்னால் சினிமா பேசிக்கொண்டு போனோம்.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் என்று பெயர்ப்பலகை. இரண்டாவது வளைவில் அவன் இறங்கிவிட்டான். கால் நடுங்கியது. "நீங்க போங்கடா, நான் கீழ டீக்கடையில கீறேன்." நாங்கள் நால்வர் மிதித்தும் தள்ளியும் மேலே போய்ச் சேர்ந்தோம், நான்தான் முதல். 'கடை வைத்திருக்கிறவனுக்கே ஸ்டாமினா இல்லை' என்று மேலே உட்கார்ந்து சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

பல வருடம் கழித்து டூர் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அன்றைக்கு நடந்தது என்ன என்று எனக்கே புரிந்தது. மலையடிவாரம் வரை காற்றை வாங்கி, வேகத்தை ஏற்றி, மஞ்சள் ஜெர்சிக்காக ஓட்டுகிற தலைவனைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரம் கட்டுவதுதான் அந்த 7 பேரின் வேலை. மலையில் வேகம் குறைந்துவிடும், முன்னால் ஆள் இருந்து கிடைக்கிற லாபமும் குறைந்துவிடும், அங்கே தலைவன் தன் காலை மட்டும் நம்ப வேண்டும். டூரில் வருகிற ஆல்ப் துயஸ் மலையில் 21 வளைவு, அங்கேயும் பலகை உண்டு, அதில் இருப்பதெல்லாம் மேலே முதலில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர். கீழே ஓரம் கட்டியவனுக்கு எந்த வளைவிலும் பலகை கிடையாது.

இந்த ஆட்களுக்குப் பிரெஞ்சில் 'டொமெஸ்தீக்', அதாவது வீட்டு வேலைக்காரன் என்று பெயர். முதலில் திட்டுகிற வார்த்தையாகத்தான் இருந்ததாம். பின்னால் வருகிற அணியின் காருக்குப் பின்தங்கிப் போய்த் தண்ணீர் பாட்டில்களை ஜெர்சிக்குள் திணித்துக்கொண்டு வருவான், தலைவனுக்குப் பஞ்சர் என்றால் தன் சக்கரத்தையே கொடுப்பான். 1934-ல் ரெனே வியெத்தோ என்ற 20 வயதுப் பையன் தன் முன்சக்கரத்தைத் தலைவன் அந்தோனின் மாஞுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து அழுத போட்டோ ரொம்பப் பிரபலம். அந்த வருடம் மாஞ் ஜெயித்தார். பரிசுப் பணத்தைத் தலைவன் அணிக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம், அந்த மட்டுக்கும் நியாயம் இருக்கிறது.

உதவிக்கு ஆளே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்த காலமும் உண்டு. 1913-ல் யூஜீன் கிறிஸ்தோஃபின் வண்டியில் துர்மாலே மலையில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் உடைந்துவிட்டது. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, ஒரு கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே அடித்து ஒட்டினார். துருத்தி ஊதியது ஒரு சிறுவன் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். இதை என் கடைக்கார நண்பனிடம் சொன்னபோது, "ஒரு கையில இரும்ப புடிச்சுக்கினு, ஒரு கையில அடிச்சுக்கினு, துருத்திய எதால ஊதுறது, காலாலயா?" என்று உண்மையாகவே கோபப்பட்டான்.

போன ஜூலையில் ஒரு நாள் ராத்திரி அவன் கடையில் போனை ஒரு டயர் மேல் சாத்திவைத்து இரண்டு பேரும் பார்த்தோம் (ஸ்டேஜ் முடிய நம் நேரம் ஒன்பது மணி போல ஆகும், கடை சாத்துகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்). ஒருவன் மலையடியில் வேகத்தை ஏற்றிவிட்டு, தலை தொங்க, அப்படியே நின்றுபோகிற மாதிரி ஓரம் கட்டினான். கேமரா அவனை விட்டுவிட்டு மேலே போய்விட்டது. "அப்புறம் அவன் இன்னா ஆவான்?" என்றான் நண்பன். அவனும் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும் மச்சான், ஜெயித்தவனின் நேரத்தை வைத்து ஒரு கெடு உண்டு, அதற்குள் வராவிட்டால் மறுநாள் போட்டியிலேயே கிடையாது, அதனால் இந்த மாதிரி ஆட்கள் எல்லாம் பின்னால் ஒரு கும்பல் சேர்த்துக்கொண்டு ஏறுவார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான், "எனக்கு எங்கடா கெடு வெச்சீங்க? ஒரு மணி நேரத்துல எறங்கி வந்துர்றோம்னு சொல்லிட்டுப் போனவனுங்க, இருட்டினப்புறம்தான வந்தீங்க. டீக்கடைக்காரன் பெஞ்சை எடுத்து உள்ள போட்டுட்டான்."