ஹோய் ஆன்: விளக்குத் தெருவுக்கு வெளியே (கேள்வி பதில்)

வேலை நிமித்தம் நான்கு வருடமாக வியட்நாமின் டா நாங்கில் இருக்கிறேன். அங்கிருந்து ஹோய் ஆன் முப்பது கிலோமீட்டர். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஊரில், சைக்கிளில்தான் கழிகின்றன. "கூட்டம் போகாத ஹோய் ஆனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே தருகிறேன்.

எங்களுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. பழைய நகரத்தில் கால் வைக்க இடமில்லை என்கிறார்கள். எங்கே போகலாம்?

கூட்டம் முழுக்க ட்ரான் பூ, நுயென் தாய் ஹொக், ஆற்றோர பாக் டாங் என்று இரண்டு மூன்று தெருக்களில்தான். அதுவும் மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை. அதே தெருவில் காலை ஐந்தரைக்கு நின்று பாருங்கள். மஞ்சள் சுவர், பாசி பிடித்த ஓடு, வாசல் பெருக்குகிற ஒரு பாட்டி, அவ்வளவுதான். அப்போது நிலைப்படிக்கு மேலே பாருங்கள். வட்டமாக இரண்டு மரக்குமிழ் தெரியும். அவை வீட்டின் கண்கள். வருகிறவரைப் பார்த்து, கெட்டதை வாசலிலேயே நிறுத்திவிடும் என்று நம்பிக்கை. வீட்டுக்கு வீடு செதுக்கல் மாறும். மாலைக் கூட்டத்தில் இதை அண்ணாந்து பார்க்க ஆளில்லை.

அப்புறம் சந்தைக்குப் போங்கள். அங்கே இறங்குகிற சரக்கு எங்கிருந்து வருகிறதோ, அந்த வழியே திரும்பிப் போங்கள். என் திட்டமே இதுதான். பழைய நகரம் ஒரு கடைவாசல். அதைக் கட்டியவர்களும் அதற்குச் சோறு போடுகிறவர்களும் சுற்றியுள்ள கிராமங்களில் இருக்கிறார்கள்.

கீரை வருவது வடக்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ட்ரா க்வேயிலிருந்து. மணல் மண். பக்கத்து நீர்நிலையில் வளரும் பாசியை வாரிக்கொண்டு வந்து உரமாகப் போடுகிறார்கள். காவடிபோலத் தோளில் ஒரு தடி, இரண்டு முனையிலும் பூவாளி. பாத்திகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இரண்டையும் ஒரே நேரத்தில் சாய்ப்பார்கள். 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு இதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அறிவித்தது. எனவே எட்டு மணிக்குமேல் அங்கேயும் கூட்டம்தான். ஆறு மணிக்குப் போய்விடுங்கள்.

பானையும் செங்கல்லும் ஓடும் வருவது மேற்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் 'தான் ஹா' கிராமத்திலிருந்து. சக்கரத்தில் இரண்டு பெண்கள் வேலை செய்வார்கள். ஒருவர் நின்றபடி காலால் சக்கரத்தைத் தள்ள, இன்னொருவர் உட்கார்ந்து மண்ணை எழுப்புவார். தள்ளுகிறவர் பக்கத்து வீட்டுக்காரரோடு கதை பேசிக்கொண்டே இருப்பார், கால் மட்டும் தாளம் தப்பாது. நுழைவுக் கட்டணம் உண்டு. கொடுத்துவிட்டு, முதல் சந்தில் வரிசையாக இருக்கும் பொம்மைக் கடைகளைத் தாண்டி உள்ளே போங்கள்.

மரவேலைக்காரர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், காம் கிம் தீவில். கார் நுழையாத ஒடுக்கமான பாலம் இருக்கிறது, சைக்கிளில் தாண்டலாம். அங்குள்ள கிம் போங் தச்சர்களின் முன்னோர் பழைய தலைநகரான ஹ்வேயின் அரண்மனையிலேயே வேலை செய்தவர்கள். சுற்றுலாக்காரர்கள் இரண்டு பட்டறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் தெற்கே வயல்வரை போங்கள். கோரைப்பாய் நெய்கிற வீடுகள் இருக்கின்றன. ஒருவர் நீளக் குச்சியால் கோரையை ஊடே செருகுவார், மற்றவர் பலகையை இறக்கி அடிப்பார். எனக்கு ஹோய் ஆனில் பிடித்த சத்தம் அதுதான்.

விசா எப்படி எடுப்பது?

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் இ-விசா. அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், அதிகபட்சம் 90 நாள்.

பைக் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாமா? இன்டர்நேஷனல் லைசென்ஸ் கையில் இருக்கிறது.

எடுக்காதீர்கள். இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி தரப்படுவதை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிச் சின்னப் புத்தகம்தான், ஆனால் இங்கே உங்களுடையது செல்லாது. வாடகைக் கடையில் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். விழுந்து கால் உடைந்தால்தான் பயணக் காப்பீட்டு நிறுவனம் லைசென்ஸைக் கேட்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கைக்காசில் கட்டினார். மேடு பள்ளமே இல்லாத ஊர் இது. சைக்கிள் போதும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம். 'சாய்' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். சைவக் கடைப் பலகையில் அதுதான் இருக்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இங்கே நிறையப் பேர் அசைவம் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் சாதாரணக் கடைகூடச் சைவத்துக்கு மாறியிருக்கும். மற்ற நாளில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கீரைதான் வரும், மேலே மீன்சாறு ஊற்றி. அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. ஆகவே 'சாய்' என்றே சொல்லுங்கள்.

காவ் லாவ் ஒரே ஒரு கிணற்றுத் தண்ணீரில்தான் செய்வார்களாமே? கதைதானே?

பாதி கதை, பாதி நிஜம். தெரியாதவர்களுக்காக: காவ் லாவ் என்பது ஹோய் ஆனுக்கே உரிய நூடுல்ஸ். தடிமனாக, பழுப்பாக, கடித்தால் இழுபடும். சாறு அடியில் இரண்டு கரண்டிதான் இருக்கும். மேலே பன்றி இறைச்சித் துண்டு, மொறுமொறுப்பாகப் பொரித்த சதுரங்கள், ட்ரா க்வே கீரை. சாம் தீவு மரங்களின் சாம்பலைக் கரைத்துத் தெளிந்த காரநீரில் அரிசியை ஊறவைப்பதுதான் வழக்கமான செய்முறை. நிறமும் அந்த இழுவையும் அதில் வருகிறது. தண்ணீர் பா லே கிணற்றிலிருந்து வர வேண்டும் என்பார்கள்.

கிணறு நிஜமாகவே இருக்கிறது. ஃபான் சு ட்ரின் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள், சதுரமாக, செங்கல் கட்டி. முன்பு இந்தப் பகுதியை ஆண்ட சாம் மக்கள் காலத்தது என்கிறார்கள். ஊரில் விற்கும் ஒவ்வொரு கிண்ணமும் இந்த ஒரு கிணற்று நீரில் ஆனதா என்றால், கிணற்றின் அளவைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தேங்காய்க் காட்டுப் பரிசல் சவாரி நன்றாக இருக்குமா?

முதலில், அது தென்னை இல்லை. சேற்றுநீரில் வளரும் நீப்பா பனை, ஓலை மட்டும் தென்னை மாதிரி. இரண்டாவது, பத்து மணிக்குமேல் அங்கே ஒலிபெருக்கி வைத்து, பரிசலைப் பம்பரமாகச் சுற்றிக் காட்டுவார்கள். அது பிடிக்கும் என்றால் போங்கள். காடுதான் வேண்டும் என்றால் விடிந்ததும் போய், "பாட்டு வேண்டாம், சுற்ற வேண்டாம்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

எந்தத் தையல்கடையில் கோட்டுத் தைக்கலாம்?

என் சட்டையைப் பார்த்திருந்தால் என்னிடம் கேட்டிருக்கமாட்டீர்கள்.

ஸ்கூட்டியாவது ஓட்டலாமா? பைக் இல்லை, ஸ்கூட்டி.

மேலே பார்க்கவும்.

அக்டோபரில் டிக்கெட் மலிவாக இருக்கிறது. வரலாமா?

ஏன் மலிவு என்று யோசித்தீர்களா? அக்டோபரும் நவம்பரும் து போன் ஆறு ஊருக்குள் வரும் மாதங்கள். வெள்ளம் இங்கே விபத்து இல்லை, பருவம். பழைய வீடுகளின் சுவரில் எந்த வருடம் எவ்வளவு உயரம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், 1964 வெள்ளத்துக்கும் கோடு உண்டு. ஃபுங் ஹுங் வீட்டில் மாடித் தரையில் ஒரு திறப்பு இருக்கிறது. தண்ணீர் ஏறினால் கீழே இருக்கும் சரக்கை அதன் வழியே மேலே தூக்கிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மாடி இருக்கிறது, உங்களுக்கு விமான நேரம் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வாருங்கள், வயலும் பச்சையாக இருக்கும்.

பக்கத்திலுள்ள மீ சோன் கோயில்கள் சோழர் கட்டியவைதானே?

இல்லை. சாம் மன்னர்கள் கட்டியவை. சிவன் கோயில்கள்தான், நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் காலத்தில் தொடங்கியது. அப்போது பிற்காலச் சோழர் யாரும் பிறக்கவில்லை. தென்னிந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் எழுத்தைப் பாருங்கள். சாம் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. அதுவே போதுமான பெருமை.

நெல் வயலுக்கு நடுவே ஒரு ஜப்பானியர் கல்லறை இருக்கிறதாமே?

இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஹாய் பா ட்ருங் தெருவில் கடற்கரை நோக்கிப் போனால், வலப்புறம் வயலுக்குள் ஒரு நடைபாதை பிரியும். அதன் முடிவில் தாழ்வான சுற்றுச்சுவர், உள்ளே ஒரு கல். தானி யாஜிரோபெய் என்ற வணிகர், இறந்தது 1647. ஜப்பான் கதவைச் சாத்தியபோது ஊர் திரும்பக் கிளம்பினாராம். ஹோய் ஆனில் விட்டு வந்த பெண்ணின் நினைப்பில் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாராம். கல்லறை வடகிழக்கே ஜப்பானைப் பார்த்து இருக்கிறது. நான் போனபோதெல்லாம் அங்கே இருந்தது ஒரு எருமையும் இரண்டு கொக்கும்தான்.

இடிக்கிறதே. 1635 சட்டப்படி வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஜப்பானியருக்கு மரண தண்டனை. 1647இல் இறந்தவர் எந்த நாட்டுக்குத் திரும்பக் கிளம்பினார்?

நல்ல கேள்வி. ஆனால் 1647 கல்லில் இருக்கும் வருடம், கதையில் வரும் வருடம் இல்லை. கிளம்பித் திரும்பியது 1635க்கு முன்பே நடந்திருக்கலாம். அதன்பின் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்திருக்கலாம்.

அப்படியானால் அவர் போக முடியாமல் தங்கியவர். காதல் பிற்காலத்தில் யாரோ சேர்த்தது.

இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் நடக்காத விஷயம் என்று தள்ளாதீர்கள். 1619இல் நாகசாகி வணிகர் அராகி சோதாரோ, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட நுயென் பிரபுவின் மகளையே மணந்து ஜப்பானுக்கு அழைத்துப் போனார். நாகசாகியின் குஞ்சி திருவிழாவில் இன்றும் அந்தக் கப்பலை வேடம் கட்டி இழுக்கிறார்கள்.

அது வியாபாரக் கல்யாணம். அதை வைத்துக் காதலை நிரூபிக்க முடியாது.

வியாபாரம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிரபுவுக்குக் கப்பல் வர வேண்டும், வணிகருக்குத் துறைமுகம் வேண்டும்.

(இன்னொருவர்) போக முடியாமல் தங்கியவருக்குக் காதல் வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இதற்குமேல் நான் என்ன சொல்ல! எனக்கு அந்தக் காதலைவிட வயல்தான் ஆச்சரியம். நானூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒருவர் மாற்றி ஒருவர் உழுதிருக்கிறார்கள். எல்லாரும் அந்தக் கல்லை விட்டுவிட்டே உழுதிருக்கிறார்கள். நிலத்தின் விலை தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

கல்லறையை அப்புறம் பார்க்கலாம் சார், விசாவுக்கு எவ்வளவு?

25 டாலர். மேலே இருக்கிறது. இரண்டாவது கேள்வி.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சைக்கிளெல்லாம் முடியாது. அவரை எங்கே கூட்டிப்போவது?

காலையிலேயே பழைய நகரத்துக்குக் கூட்டிவாருங்கள், வண்டிகள் நுழையாத நேரத்தில் நிம்மதியாக நடக்கலாம். தரை சமமாக இருக்கும், படிகள் குறைவு. உட்கார வேண்டுமென்றால் சீன வணிகர் மன்றங்களின் முற்றங்கள் இருக்கின்றன. புஜியான் மன்றத்தில் எல்லாரும் படம் எடுப்பார்கள். நீங்கள் ஹைனான் மன்றத்துக்குப் போங்கள், அமைதியாக இருக்கும். 1851இல் கடற்கொள்ளையர் என்று சொல்லிக் கொல்லப்பட்ட ஹைனான் வணிகர்களின் நினைவாகக் கட்டியது. மாலையில் 'தான் ஹா' கிராமத்துக்குக் காரிலேயே போகலாம். சக்கரம் சுற்றும் அம்மாக்களோடு உங்கள் அம்மாவை உட்காரவையுங்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, மண்ணைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

காதல் இல்லை என்று சொன்னவன்தான் எழுதுகிறேன். மார்ச்சில் வருகிறேன். கல்லைப் பார்க்காமல் விடமாட்டேன்.

வாருங்கள். விடிகாலையில் போங்கள், வயல்வரப்பில் பனி இருக்கும், செருப்பு வழுக்கும். நடைபாதை ஒடுக்கம், சைக்கிளைத் தெருவிலேயே நிறுத்திவிடுங்கள். பைக் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.