சங்கரன்கோவிலில் பூலித்தேவர் மறைந்த அறையைப் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி கேட்டவர், "அது வரலாறா கட்டுக்கதையா? வயதான அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனால் அலைச்சல் வீணாகிவிடாதா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். வீணாகாது, தாராளமாகப் போங்கள். நீங்கள் குற்றால சீசனுக்கு வருகிற போக்கில் எட்டிப் பார்க்க நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அதிலும் தவறில்லை. ஆனால் வெள்ளைக்காரனை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவர் இந்தக் கோயிலுக்குள் போய்ச் சோதியில் மறைந்தார் என்பதைக் 'கட்டுக்கதை' என்ற சொல்லோடு சேர்த்துப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஒவ்வொரு வருடமும் அந்தக் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஆச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கோயிலுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்த அறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "எய்யா, கூட்டத்துல தொலைஞ்சிட்டன்னா அழுதுக்கிட்டு அலையாத. இந்தா, பூலித்தேவர் ரூம்புக்கு முன்னால வந்து நில்லு. நான் வந்துருவேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் தெற்கு ரத வீதியில் தபசுக் காட்சி. தபசிருந்த கோமதி அம்மனுக்குச் சிவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிற நேரத்தில் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, வத்தல், நெல் எல்லாவற்றையும் சூறை விடுவார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் ஆச்சியின் சேலை முந்தி எப்போது கையை விட்டுப் போனது என்றே தெரியவில்லை. நெரிசலில் முட்டி மோதி எப்படியோ கோயிலுக்குள் வந்து அந்த அறையின் முன்னால் நின்றுவிட்டேன். தலை முழுக்கப் பருத்தி. வத்தல் காரம் கண்ணில் பட்டு எரிகிறது. சுவரில் முதுகைச் சாய்த்தால் கல் குளிர்ச்சியாக இருந்தது. அது மட்டும் இன்றைக்கும் அப்படியே முதுகில் இருக்கிறது.

ரொம்ப நேரம் கழித்து ஆச்சி வந்தாள். அடிக்கவில்லை. முந்தியில் முடிந்து வைத்திருந்த கோயில் பிரசாதப் புற்றுமண்ணில் ஒரு துளி எடுத்து நெற்றியில் பூசிவிட்டு, தலையிலிருந்த பருத்தியை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர், 1715இல் பிறந்தவர். ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்தார். 1755இல் நவாபுக்குத் துணையாக ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் படையோடு வந்தார்கள். கோட்டையைப் பிடிக்க முடியாமல் ஹெரான் திரும்பினான். இந்த ஹெரான்தான் அதே வருடம் மதுரைப் பக்கம் கோவில்குடியில் கோயில் விக்கிரகங்களை அள்ளிக்கொண்டு போனவன். நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவன் படையை மறித்து அடித்து, சாமி சிலைகளை மீட்டார்கள். 1761இல் கம்பெனியின் தளபதி யூசுப்கான் பீரங்கிகளோடு வந்து நெற்கட்டும்செவலைப் பிடித்தான். அதன் பிறகும் பூலித்தேவர் விடவில்லை. 1767இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை கம்பெனியின் கர்னல் கேம்பலிடம் விழுந்தது. அதோடு அவர் என்ன ஆனார் என்பதற்கு உறுதியான தகவல் இல்லை. எங்கள் பக்கம் சொல்வது இது: பிடித்துக்கொண்டு போகும் வழியில் கோமதி அம்மனைக் கும்பிட வேண்டும் என்று கேட்டார், உள்ளே போனார், கைவிலங்கு அறுந்து விழுந்தது, சோதியில் கலந்து மறைந்துவிட்டார்.

சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். கூட இருந்த ஒருவர், "பிடிபட்டவர் தப்பித்து ஓடியிருப்பார், அதற்கு ஒரு அறையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை, சோறு இறங்கவில்லை. ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் யோசிக்கவே இல்லை. "கட்டபொம்மனைத் தூக்குல போட்டப்ப வெள்ளக்காரன் என்ன செஞ்சான்? எல்லாப் பாளையக்காரனையும் கூப்பிட்டு உக்கார வச்சுல்லா காட்டுனான்? இவரு மட்டும் அவன் கையில செத்திருந்தா சும்மாவா இருந்திருப்பான்?" என்றாள்.

கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது 1799 அக்டோபர் 16, கயத்தாறு. ஆச்சிக்குத் தேதி தெரியாது, விஷயம் தெரியும். சோதியில் கலந்தாரா என்று என்னைக் கேட்டால், நான் நம்புகிறேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பூலித்தேவரைக் கொன்றோம் என்று காட்ட எதிரியிடம் எதுவும் இல்லாமல் போனது, அது போதும் எனக்கு. கட்டபொம்மனுக்குக் கயத்தாற்றில் அந்த வழியாகப் போனவர்கள் ஆளுக்கு ஒரு கல் போட்டுக் கும்பிட்டுக் குவித்தார்கள். பூலித்தேவருக்குக் கல் போட இடமே இல்லை. அதனால்தான் அம்மனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

சாதிப் பெருமைக்காக எழுதுகிறேன் என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் அவருடைய தளபதிகள். மூவரும் வேறு வேறு சமூகம். மூன்று பேரையும் சேர்த்துச் சொல்லாதவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அதே அலுவலகத்தில் ஆடித்தபசுக்கு இரண்டு நாள் விடுப்பு கேட்டேன். "லிஸ்ட்டில் இல்லாத பண்டிகைக்கு லீவு கிடையாது" என்றார்கள். சரி, அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஆச்சி நடந்து போன கடைசித் தபசு அது. அடுத்த தபசுக்கு அவள் இல்லை. அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது, மனசு ஆறவில்லை. அப்புறம், ஊர்ப் பெயரைச் சொன்னதுமே பிரியாணியை மட்டும் விசாரிக்கிறவர்கள். பிரியாணி நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஊர் அது மட்டும்தானா?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சென்னையிலிருந்து என்றால் பொதிகை ரயிலில் ஏறினால் சங்கரன்கோவிலிலேயே இறங்கிவிடலாம். அம்மாவை அழைத்து வருவதாக இருந்தால் தபசு நாட்கள் வேண்டாம், சாதாரண நாளில் காலையிலேயே போங்கள். சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் மூன்று சன்னதியும் நிதானமாகப் பார்க்கலாம். புற்றுமண் வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் நெற்கட்டும்செவலில் அரசு கட்டிய நினைவு மாளிகைக்கும் போய் வாருங்கள். கோயிலில் பெரிய மண்டபம் எதையும் எதிர்பார்த்துத் தேடாதீர்கள், சின்ன இடம்தான். பூ விற்கிற அக்காக்களிடம் 'பூலித்தேவர் ரூம்பு எங்கே' என்று கேளுங்கள், காட்டுவார்கள்.