புதுப் பள்ளியில் நட்பு கிடைக்காத எட்டு வயது மகளுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

மூன்றாம் வகுப்பு, பாதியில் பள்ளி மாற்றம், மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, "மத்தவங்களோட எப்படிப் பழகணும்னு சொல்லித் தர்ற புத்தகம்" ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது, கடை கடையாக இருக்கிறது. வழவழ அட்டை, பக்கத்துக்கு ஓர் அறிவுரை: பகிர்ந்து சாப்பிடு, சிரித்துப் பேசு, மன்னிப்புக் கேள். அதை வாங்காதீர்கள். சிரித்துப் பேச வேண்டும் என்று உங்கள் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் பேசப் போனால் அந்தக் கூட்டம் முதுகைக் காட்டுகிறது, அதுதானே சங்கடம். இந்தப் புத்தகங்கள் போய், குறை உன்னிடம்தான் என்று மறுபடி அவளிடமே சொல்லும். (ஆட்டிசம் உள்ள குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்காக அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1991இல் உருவாக்கிய 'சோஷியல் ஸ்டோரீஸ்' முறையில், ஒரு சூழ்நிலையில் யார் என்ன செய்வார்கள், ஏன் செய்வார்கள் என்று நேரடியாகவே எழுதுவார்கள், அங்கே அது தேவை.)

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறவள் என்ற அளவில்தான் சொல்கிறேன். ஒதுக்கப்பட்ட பிள்ளையை மட்டும் காட்டாமல், ஒதுக்குகிறவளையும், பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவளையும் சேர்த்துக் காட்டுகிற கதைதான் பிள்ளைகளைப் பேச வைக்கிறது. ஏனென்றால் வகுப்பில் பாதிப் பேர் அந்த மூன்றாவது ஆள்தான்.

தமிழிலேயே வேண்டுமென்றால் முதலில் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது, ஜப்பானில் 1981இல் வந்தது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளை, ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய இன்னொரு பள்ளிக்கு வருகிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி முதல் நாள் அவளை எதிரில் உட்கார வைத்து, மனசில் இருப்பதையெல்லாம் சொல்லச் சொல்லி மதியச் சாப்பாட்டு நேரம் வரை கேட்கிறார். இந்த இடத்தை நான் வாசித்தால் பிள்ளைகளைவிடக் கூட வந்த அம்மாக்கள்தான் அமைதியாகிவிடுகிறார்கள்.

அதில் உங்களுக்கு வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று விளையாட்டு விழா. கை கால் குட்டையாக, வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷி என்ற பையன்தான் எல்லாப் போட்டியிலும் ஜெயிக்கிறான். கோபயாஷி போட்டிகளையே அப்படித்தான் அமைத்திருக்கிறார், ஆனால் அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. பரிசு என்ன தெரியுமா, முள்ளங்கி, கீரைக் கட்டு! காய்கறியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதா என்று பிள்ளைகள் முகம் சுளிக்க, நீங்கள் சம்பாதித்த காயை இன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் சாப்பிடலாமே என்கிறார். இன்னொன்று, போலியோவால் நடக்கச் சிரமப்படும் யாசுவாகி-சானை, ஏறி விளையாடத் தனக்கென்று வைத்திருக்கும் மரத்துக்கு விருந்தாளியாக அழைத்து, ஏணியை இழுத்து வந்து, கீழிருந்து தள்ளி, மேலிருந்து இழுத்து, வியர்வை ஒழுக எப்படியோ டோட்டோ-சான் ஏற்றிவிடுகிற அத்தியாயம். நட்பு என்றால் என்ன என்று ஒரு வரி கிடையாது அதில், ஏணி ஆடுமா ஆடாதா என்ற கவலைதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: பின்னால் யாசுவாகி-சான் இறந்துவிடுகிறான், கடைசியில் பள்ளியும் போர்க் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். அத்தியாயங்கள் சின்னச் சின்னதுதான், ராத்திரிக்கு ஒன்று போதும்.

இங்கிலீஷ் பரவாயில்லை என்றால் 'தி இன்விசிபிள் பாய்'. ட்ரூடி லுட்விக் எழுதியது, 2013. பிரையன் என்ற பையனை யாரும் அணிக்குச் சேர்ப்பதில்லை, பிறந்தநாளுக்கு அழைப்பதில்லை. படங்களில் மற்ற எல்லோரும் வண்ணத்தில் இருக்க, அவன் மட்டும் பென்சிலின் சாம்பல் நிறத்தில் இருப்பான். புதிதாக வரும் ஜஸ்டின் கொரியச் சாப்பாட்டைக் குச்சியால் சாப்பிடுவதைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க, பிரையன் அவனுக்கு ஒரு சீட்டு எழுதி வைக்கிறான். அதற்கப்புறம் பக்கத்துக்குப் பக்கம் பிரையனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறுகிறது. நீங்கள் எதையும் விளக்க வேண்டாம், எங்கள் பிள்ளைகள் ஒரு வார்த்தை படிப்பதற்கு முன்னாலேயே விரலை அவன்மேல் வைத்துவிட்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது என்னவோ 'தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்'. எலினோர் எஸ்டெஸ், 1944. நம் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்தில்கூட இருந்தது, பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வாண்டா என்ற போலந்துக் குடும்பத்துப் பெண் தினமும் ஒரே வெளிறிப்போன நீலச் சட்டையில் வருகிறாள், வீட்டில் நூறு உடை இருக்கிறது என்கிறாள். பெக்கி தினமும் அவளை நிறுத்தி எத்தனை உடை, எத்தனை செருப்பு என்று மரியாதையான குரலில் கேட்டுக் கேலி செய்கிறாள். அந்த மரியாதைக் குரல்தான் கொடுமை! ஆனால் கதை பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் மேடியுடையது. மேடியும் ஏழை, பெக்கியின் பழைய உடையைத்தான் போட்டுக்கொள்கிறாள். நிறுத்தச் சொல்லி பெக்கிக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறாள், அடுத்தது நாம்தான் என்ற பயத்தில் கிழித்துப் போடுகிறாள். ஓவியப் போட்டியில் வாண்டாவின் நூறு உடைகள் வகுப்புச் சுவர் முழுக்கப் படங்களாகத் தொங்கும்போது அவள் ஊரை விட்டே போய்விட்டாள். மேடியின் அந்தப் பயத்தை இவ்வளவு நேர்மையாக எழுதிய சிறுவர் கதை நான் வேறு பார்க்கவில்லை. எட்டு வயதுக்குத் தானாகப் படிக்கச் சிரமம், நீங்கள் படித்துத் தமிழில் சொன்னால் பிடித்துக்கொள்வாள்.

ஜாக்குலின் உட்சனின் 'ஈச் கைண்ட்னெஸ்' நல்ல புத்தகம்தான், ஆனால் அதில் கடைசிவரை சமாதானம் கிடையாது. ஒதுக்கப்பட்ட மாயா போனவள் போனவள்தான். இப்போதைய மனநிலையில் உங்கள் பெண்ணுக்கு வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம். மாற்றாக, கொஞ்சம் சிரிக்க ஆர்னால்ட் லோபலின் தவளை-தேரைக் கதைகள். எனக்கு யாரும் கடிதமே போடுவதில்லை என்று வருத்தப்படும் தேரைக்குத் தவளை கடிதம் எழுதி, அதை நத்தையிடம் கொடுத்தனுப்புகிறது. வந்து சேர நாலு நாள். வருவது தெரிந்தும் இரண்டும் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கின்றன.

வாசிக்கும்போது ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: "பார்த்தியா, நீயும் இப்படித்தான் இருக்கணும்" என்று முடிப்பது. எதுவுமே கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை. கேட்டே ஆக வேண்டுமென்றால், "உங்க கிளாஸ்ல மேடி மாதிரி யாரு?" என்று கேளுங்கள். அவளிடம் பேச ஆசைப்பட்டுப் பயந்து நிற்கிற பெண் ஒருத்தியின் பெயர் வரலாம். அந்தப் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடலாம். தினமும் யாராவது தள்ளுவதோ டிபன் பாக்ஸைப் பிடுங்குவதோ நடந்தால் புத்தகம் எல்லாம் அப்புறம், முதலில் வகுப்பு ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.

இறக்குமதிப் படப் புத்தகங்கள் விலை கூடுதல். சென்னை என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் சிறுவர் பிரிவு இருக்கிறது, வாங்குவதற்கு முன் அங்கே தேடிப் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசமாகவே கிடைக்கும், தரம் முன்னே பின்னே இருக்கும், நீங்கள் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டோட்டோ-சான் வாங்குங்கள்.