சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகளுக்கு முக மாஸ்க்: யாருக்குக் கட்டாயம்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளி சாஃப்ட்பால் அணியில் மூன்றாவது பேஸில் (பேட் செய்தவர் ஓடித் தொட வேண்டிய மூன்றாவது இடம்) நிற்கிறாள். சில நாள் முன்பு பயிற்சியில், தரையில் பட்டு எழும்பிய பந்து அவள் தோழியின் மூக்கை உடைத்துவிட்டது. களத்தில் நிற்கும் எல்லாருக்கும் முக மாஸ்க் (முகத்துக்கு முன்னால் மாட்டும் கம்பி அல்லது பிளாஸ்டிக் கவசம்) கட்டாயமாக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறோம். பி.டி. சாரோ, "விதியில் இல்லை. மாஸ்க் போட்டால் பந்து சரியாகத் தெரியாது, வெயிலில் பிள்ளைகள் மயங்கிவிடுவார்கள்" என்கிறார். யார் சொல்வது சரி? அந்தத் தோழி மறுபடி எப்போது ஆடலாம்?
- ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எல்லாருக்கும் தேவையில்லை அம்மா. ஆனால் உங்கள் மகள் நிற்கும் இடத்துக்குக் கட்டாயம் தேவை. பிட்சர் (பந்து வீசுபவர்), முதல் பேஸ், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) ஆகிய இன்ஃபீல்டின், அதாவது உள்களத்தின், ஐந்து இடங்களிலும் மாஸ்க் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது என்று பள்ளியே விதி வைத்துக்கொள்ளலாம். அவுட்ஃபீல்டில், அதாவது தொலைவில், நிற்கும் மூன்று பேருக்கும் பந்தைப் பார்த்து நகர நேரம் இருக்கிறது. அவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்.

சார் விதியைப் பற்றிச் சொல்வதில் தவறில்லை. அமெரிக்கப் பள்ளி சாஃப்ட்பாலில்கூட, பேட் செய்பவரும் பேஸ் ஓடுபவரும் அணியும் ஹெல்மெட்டில்தான் முகக்கம்பி கட்டாயம். கேட்சருக்கு (பேட் செய்பவருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) தனிக் கவசம் உண்டு. மற்ற ஃபீல்டர்கள் விரும்பினால் அணியலாம், அவ்வளவுதான். ஆனால் விதி கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக, பள்ளி தன் மைதானத்தில் அணியச் சொல்லக் கூடாது என்றாகாது.

இன்ஃபீல்டுக்கு மட்டும் ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 12 அங்குலச் சுற்றளவுள்ள சாஃப்ட்பால் 178 முதல் 198 கிராம் வரை எடை கொண்டது. ஆண்கள் கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. நன்றாக அடிக்கத் தெரிந்த 13, 14 வயதுப் பெண்ணின் மட்டையிலிருந்து பந்து மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கிளம்புவது சாதாரணம். அதாவது விநாடிக்கு 22 மீட்டர். மூன்றாவது பேஸ் பேட் செய்யும் இடத்திலிருந்து 18 மீட்டர் தள்ளி இருந்தாலும், எதிரணி பன்ட் செய்யும் (மட்டையை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடும்) என்று எதிர்பார்க்கும்போது அங்கே நிற்பவர், பேட் செய்பவருக்கு 12 மீட்டர் தூரம் வரை நெருங்கி வந்துவிடுவார். பந்து வந்து சேர அரை விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும். பந்து வரும் திசையைக் கண் பார்த்து மூளை புரிந்துகொள்ளவே கால் விநாடி போய்விடும். மிச்சமிருக்கும் நேரத்தில் முழங்கால் உயரத்தில் இருக்கும் கிளவுஸ் முகத்துக்கு வர வேண்டும். பிட்சருக்கு இன்னும் நெருக்கடி. பந்தை விட்டதும் ஓர் எட்டு முன்னால் வந்து, நிதானத்துக்குத் திரும்பாத நிலையில் இருப்பார்.

இதுவும் நல்ல மைதானத்துக்கான கணக்கு. நம் பள்ளி மைதானங்களில் சரளைக்கல், புல் முளைத்த மேடு, மழைக்குப் பின் காய்ந்த குளம்புத் தடம் எல்லாம் உண்டு. ஃபீல்டருக்கு 2 மீட்டர் முன்னால் கல்லில் பட்டுப் பந்து திசை மாறினால், முகத்தில் படும்வரை இருப்பது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. எவ்வளவு பயிற்சி பெற்றவராலும் அதற்குள் கையை உயர்த்த முடியாது. தோழிக்கு நடந்தது அதுதான். கவனக்குறைவு என்று அந்தப் பெண்ணை யாரும் திட்டியிருந்தால் அது அநியாயம். சீராக உருட்டிய மைதானத்தைவிட நம் ஊர் மைதானத்தில்தான் மாஸ்க்கின் தேவை அதிகம்.

பந்து தெரியாது என்பது முதல் சில நாள் உண்மை. கீழ்ப்பார்வையில் கம்பி தெரியும், காலடியில் வரும் பந்துக்குக் குனிவதில் தயக்கம் இருக்கும். தினமும் பயிற்சியில் அணிந்தால் ஓரிரு வாரத்தில் பழகிவிடும். மேட்ச் அன்று மட்டும் எடுத்து மாட்டினால்தான் சிக்கல். தவிர, பயிற்சியில்தான் ஒரே நேரத்தில் நாலு பந்து பறக்கிறது. வெயில் விஷயத்தில் சார் பாதி சரி. மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடுவதில்லை, காற்று தாராளமாகப் போகும். மயக்கம் வருவது ஏப்ரல், மே மாதங்களில் காலை 11 மணிக்கு மேல் ஆட விடுவதாலும் தண்ணீர் கொடுக்காததாலும்தான். 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், மாஸ்க்கைக் கழற்றி இரண்டு நிமிட நிழல், போதும்.

வாங்கும்போது கம்பியா, பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கா என்று கேட்பார்கள். இரண்டும் சரி. ஆனால் கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில், கம்பியின் மேல்பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடித்துவிடும். வெல்டு விட்ட கம்பி முகத்தைக் கிழிக்கும். பிளாஸ்டிக் என்றால், பட்டை நுழையும் துளைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுகிறதா என்று வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெட்ரோல், தின்னர் பட்டாலும் பாலிகார்பனேட் விரிசல் விடும், சோப்புத் தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும். உள்ளூர் பட்டறையில் கம்பி வளைத்து ஹெல்மெட்டில் துளை போட்டு மாட்டுவது வேண்டவே வேண்டாம். துளை போட்ட இடத்திலேயே ஓடு பிளக்கும். பேட் செய்யும் ஹெல்மெட்டில் 'நாக்ஸே' (NOCSAE, அமெரிக்க விளையாட்டுக் கவசத் தர அமைப்பு) தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு சரியா என்று பார்க்க: மாஸ்க்கின் நெற்றிப் பஞ்சும் தாடைப் பஞ்சும் ஒரே நேரத்தில் முகத்தில் பட வேண்டும், மூக்கு நுனிக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பட்டையை மாட்டியபின் தலையை வேகமாக இடம் வலம் ஆட்டச் சொல்லுங்கள், பிறகு குனிந்து தரையைத் தொடச் சொல்லுங்கள். நகர்ந்தால் இறுக்குங்கள் அல்லது அளவை மாற்றுங்கள். போனிடெயில் பட்டைக்கு மேலே வெளியே வர வேண்டும். பட்டைக்கு அடியில் சிக்கினால் பாதி ஆட்டத்தில் மாஸ்க் நழுவும். ஆளுக்கொன்று வாங்க முடியாத பள்ளிகளுக்கு ஐந்து மாஸ்க் இருந்தால் போதும், ஒரு அணி ஃபீல்டில் நிற்கும்போது மற்ற அணி பேட் செய்கிறதே. ஆனால் கை மாறும்போது தாடைப் பஞ்சைத் துடைத்தாக வேண்டும், இல்லையென்றால் தோல் தொற்று அணி முழுக்கப் பரவும்.

இரண்டு வகைப் பிள்ளைகளுக்கு நிற்கும் இடம் எதுவானாலும் விலக்கு கிடையாது. ஒரு கண்ணில் கண்ணாடி போட்டும் பார்வை 6/12-க்குக் கீழே (நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரிலும் படிக்க முடியாமல்) இருப்பவர்கள், மாஸ்க்கோடு பாலிகார்பனேட் லென்ஸும் அணிய வேண்டும். அடிபட்டால் அவர்கள் இழக்கக்கூடியது மிச்சமிருக்கும் ஒரே நல்ல கண். பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கு வாய்க்காப்பும் தேவை, உதடு கிழியும்.

மாஸ்க் எதைச் செய்யாது என்பதும் தெரிய வேண்டும். நெற்றியின் இரு பக்கப் பொட்டுகளும் பின்மண்டையும் திறந்தே இருக்கும். மூளை அதிர்ச்சியை அது தடுக்காது. அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் ஏதாவது இருந்தால் அன்று மறுபடி களமிறக்கக் கூடாது.

சாஃப்ட்பால் விட்டம் சுமார் 9.7 செ.மீ. கண்குழியைவிடப் பெரியது என்பதால் கன்ன எலும்பிலும் மூக்கிலும்தான் முதலில் மோதும். மூக்கில் அடிபட்டால் உட்காரவைத்து முன்னால் குனியச் செய்து, எலும்பை விட்டு மென்மையான பகுதியை 10 நிமிடம் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்க விடாதீர்கள், ரத்தம் வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். ரத்தம் நின்ற பிறகு டார்ச் அடித்து மூக்குக்குள் பாருங்கள். நடுச்சுவரின் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ கருஞ்சிவப்பாக உப்பி, மூச்சு முழுதும் அடைத்திருந்தால் அது சுவருக்குள் தேங்கிய ரத்தம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவர் கீறி வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்கு குழிந்துவிடும். வளரும் வயதில் நடுமுகத்தின் வளர்ச்சிக்கும் அந்தக் குருத்தெலும்புதான் துணை.

கண்ணருகில் பட்டால் இன்னொன்றைக் கவனியுங்கள். சிறுவர்களில் சில சமயம் கண்குழியின் அடி எலும்பு விரிசல்விட்டுக் கண்ணை அசைக்கும் தசை அதில் சிக்கிக்கொள்ளும். வெளியே கண் வெள்ளையாகவே இருக்கும், வீக்கம்கூட இராது, ஆனால் மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுப்பார்கள். தலைக்காயம் என்று நினைத்து இதைத் தவறவிடுவது உண்டு. ஓரிரு நாளில் அறுவை தேவைப்படும், எனவே ஸ்கேன் வசதியுள்ள ஜிப்மர் போன்ற இடத்துக்கு உடனே போங்கள். கருவிழியின் கீழ்ப்பகுதியில் ரத்தக் கோடு தெரிந்தால் தலையை உயர்த்தி வைத்து, கண்ணை அழுத்தாமல், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு. நீங்கள் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழிதான். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் போதும்.

நிலைப்பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பத்து விநாடி தண்ணீரில் அலசி, அதே குழியில் செருகிக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணிக்குள் பல் மருத்துவரிடம்.

தோழியைப் பற்றி: உடைந்த எலும்பைச் சரியாக வைக்க, பிள்ளைகளுக்கு ஒரு வாரம்தான் வசதியான காலம். அதற்குப் பிறகு எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கும். சிகிச்சை முடிந்துவிட்டதென்றால் பந்து ஆட்டத்துக்கு 6 வாரம் கழித்து வரலாம், ஓட்டமும் உடற்பயிற்சியும் 2-3 வாரத்தில் மருத்துவர் சொன்னபடி தொடங்கலாம். முதலில் அவுட்ஃபீல்டில் நிற்கட்டும், அங்கும் மாஸ்க்கோடு.