சனிக்கிழமை லெசோனா, கதை எழுதற வொர்க்‌ஷாப்பா? ஒரு அம்மாவுக்கு பதில்

அக்கா, உங்க மெசேஜ் பார்த்தேன். பொண்ணு கிரேடு 8, அடுத்த வருஷம் என்.சி.இ (கிரேடு 9 முடிவுல வர்ற தேசியப் பரீட்சை), சனிக்கிழமை காலைல மேத்ஸ் லெசோன் (அதான் காசு குடுத்துப் படிக்கற டியூஷன்), அதே நேரத்துல லைப்ரரில பிள்ளைங்களுக்கு ஃப்ரீயா கதை எழுதற வொர்க்‌ஷாப், அவ அங்கதான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா, அவங்க அப்பா "காசு வாங்காம எவன் உருப்படியா சொல்லித் தருவான்"ங்கறார், நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறீங்க. கடைசில "இதுல போனா பின்னால வேலை கிடைக்குமா"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. அந்த வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

அனுப்புங்க. ஆனா வேலைக்காகன்னு அனுப்பாதீங்க. 13 வயசுப் பிள்ளை சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் கதை எழுதறதால அவ எழுத்தாளர் ஆகப் போறதும் இல்ல, டாக்டர் ஆகற வழி அடைபடப் போறதும் இல்ல. நம்ம மொரிஷியஸ் சிஸ்டத்துல அந்த முடிவு வர்ற இடமே வேற, கிரேடு 11 பரீட்சையான எஸ்.சிக்கு சப்ஜெக்ட் எடுக்கறப்ப ஒரு தடவை, கிரேடு 13 பரீட்சையான எச்.எஸ்.சிக்கு எடுக்கறப்ப இன்னொரு தடவை. அப்ப வாங்க, உக்காந்து பேசலாம். இப்பவே கவலைப்பட ஆரம்பிச்சீங்கன்னா அதுக்குள்ள உங்களுக்கு பி.பி வந்துடும்.

முதல்ல அண்ணனோட, அதான் உங்க வீட்டுக்காரரோட சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான், மொரிஷியஸ்ல பிள்ளைங்களுக்கு எதைச் சொல்லித் தந்தாலும் மாசம் பொறந்தா கவர்ல காசு வைக்கணும்னு நாம பழகிட்டோம், அதனால ஃப்ரீன்னு கேட்டாலே ஏதோ குறையிருக்கும்னு தோணுது. ஆனா இந்த மாதிரி வொர்க்‌ஷாப்புக்கு வெளிநாட்டுல ஒரு வரலாறே இருக்கு. 2002ல சான்ஃபிரான்சிஸ்கோல டேவ் எகர்ஸ்னு ஒரு எழுத்தாளரும் நினீவ் கலெகரின்னு ஒரு டீச்சரும் சேர்ந்து 826 வலென்சியான்னு ஒரு இடம் ஆரம்பிச்சாங்க, அந்தக் கட்டடத்துல கடைதான் நடத்தணும்னு விதி இருந்ததால முன்னாடி கடல்கொள்ளைக்காரங்களுக்கு சாமான் விக்கற மாதிரி ஒரு விளையாட்டுக் கடையைப் போட்டுட்டு பின்னாடி பிள்ளைங்களை உக்கார வச்சு எழுத வச்சாங்க. அதைப் பார்த்துட்டு வந்த ரோடி டாய்ல்ங்கற ஐரிஷ் நாவலாசிரியர், ஷான் லவ்ங்கறவரோட சேர்ந்து 2009ல டப்ளின்ல ஃபைட்டிங் வேர்ட்ஸ்னு தொடங்கினார். அடுத்த வருஷம் லண்டன்ல மினிஸ்ட்ரி ஆஃப் ஸ்டோரீஸ், 2012ல சிட்னில ஒண்ணு. எல்லாமே பிள்ளைங்களுக்கு ஃப்ரீ, நன்கொடையிலயும் நேரம் ஒதுக்கி சும்மா வந்து உதவற ஆளுங்களாலயும்தான் ஓடுது. டாய்ல் புக்கர் பரிசு வாங்கினவர். காசு வாங்காம எவன் சொல்லித் தருவான்னு அண்ணன் கேட்டா இவங்களைச் சொல்லுங்க.

உங்க ஊர் வொர்க்‌ஷாப் அந்த அளவுக்கு இருக்கும்னு நான் சொல்லல. ஆனா உள்ள என்ன நடக்கும்னு ஒரு ஐடியா வேணும்ல. டப்ளின்ல சின்னப் பிள்ளைங்க வகுப்போட வருவாங்க, ஹீரோ யாரு, அவனுக்கு என்ன ஆசை, எதைப் பார்த்தா பயம்னு ஆளாளுக்கு கத்துவாங்க, ஒருத்தர் டைப் பண்ணப் பண்ண கதை திரையில வந்துட்டே இருக்கும், ஒருத்தர் படம் வரைவார், கதை ஒரு இக்கட்டான இடத்துக்கு வந்ததும் நிறுத்திடுவாங்க, மிச்சத்தை ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதி முடிக்கணும், போறப்ப அவங்கவங்க கதை புத்தகமா கையில இருக்கும். ஸ்பெல்லிங்ல சிவப்பு மை அடிக்க மாட்டாங்க. டீனேஜ் பிள்ளைங்களுக்கு இன்னும் சுதந்திரம் ஜாஸ்தி, அவங்க வந்து சொந்தமா எழுதுவாங்க, கேட்டா மட்டும் பெரியவங்க பக்கத்துல வந்து உக்காருவாங்க.

சிவப்பு மை இல்லங்கறதுதான் பெத்தவங்களுக்கு நெருடும், எனக்குத் தெரியும். அதனால மார்க் விஷயத்தை மறைக்காம சொல்றேன். அடுத்த டெர்ம் இங்கிலீஷ் மார்க் ஏறும்னு எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. பரீட்சைல எழுதறதுக்கு நேரக் கணக்கு, அமைப்பு, கேள்வியை விட்டு விலகாம இருக்கறதுன்னு தனிப் பழக்கம் வேணும், அது ஸ்கூல்லயும் லெசோன்லயும்தான் வரும். ஆனா எஸ்.சி இங்கிலீஷ்ல காம்போசிஷன் இருக்கு, எச்.எஸ்.சில பொது விஷயங்களைப் பத்தி எஸ்ஸே எழுதற ஜெனரல் பேப்பர் இருக்கு, அங்க நம்ம பிள்ளைங்க தடுக்கி விழறது கிராமர்ல மட்டும் இல்ல, சொல்றதுக்கு விஷயம் இல்லாம விழறாங்க. லெசோன்ல குடுத்த மாடல் எஸ்ஸேயை மனப்பாடம் பண்ணி, தலைப்பு கொஞ்சம் மாறி வந்தாலும் அதையே கொட்டிட்டு வந்துடறாங்க. வெள்ளைப் பேப்பரைப் பார்த்து பயப்படாம முதல் வரியைத் தானே யோசிச்சு எழுதற பழக்கம் ரொம்ப மெதுவாத்தான் வரும், நாலஞ்சு வருஷம் கழிச்சு ஜெனரல் பேப்பர்ல உக்காரறப்பதான் அதோட பலன் தெரியும், அப்பவும் அது இந்த லைப்ரரியாலதான் வந்ததுன்னு யாரும் வந்து உங்ககிட்ட சொல்லப் போறதில்ல.

இன்னொண்ணு, எந்த மொழில எழுதறான்னு கேக்காதீங்க. நீங்க தமிழ்ல மெசேஜ் போட்டதுலயே உங்க ஆசை புரியுது, கோயில்ல தமிழ் கிளாஸுக்கு அனுப்பறீங்க, காவடிக்கு அவ தேவாரம் பாடினதையும் எழுதியிருந்தீங்க, சந்தோஷம். ஆனா அவ வீட்டுல சண்டை போடறது நம்ம தீவுப் பேச்சு மொழியான கிரியோல்ல, டிவி பார்க்கறது ஃப்ரெஞ்ச்ல, புக் படிக்கறது இங்கிலீஷ்ல, அப்ப கதை மட்டும் தமிழ்ல வரணும்னா எப்படி வரும்? கிரியோல் 2012லயே பிரைமரி ஸ்கூல்ல பாடமா வந்தாச்சு, அதுல எழுதறது ஒண்ணும் கேவலம் இல்ல. கதைல வர்ற பாட்டி வாயில தமிழ் தன்னால வந்தா வரட்டும். வரலைன்னாலும் விடுங்க. பிற்பாடு ஆசை வந்தா மோக்கா ஊர்ல இருக்கற எம்.ஜி.ஐல (மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்) தமிழ் பி.ஏ வரைக்கும் படிக்கலாம், அந்தக் கதவு எங்கயும் போயிடாது.

ஆசையா போறான்னு கண்ணை மூடிட்டும் அனுப்ப வேண்டாம். முதல் நாள் நீங்களே கூடப் போங்க. பெரியவங்க எத்தனை பேரு, பிள்ளைங்க எத்தனை பேரு, கதவு திறந்திருக்கா, யாராவது ஒருத்தர் பிள்ளையோட தனியா உக்கார்ற மாதிரி இருக்கான்னு பாருங்க. பிள்ளைங்களோட இருக்கற ஆளுங்ககிட்ட சர்ட்டிஃபிகேட் ஆஃப் கேரக்டர் (குற்றப் பதிவு இல்லைன்னு காட்டற சான்றிதழ்) வாங்கி வச்சிருக்காங்களான்னு நடத்தறவங்களைக் கேளுங்க, இதைக் கேட்டா மரியாதைக் குறைச்சல்னு நினைக்காதீங்க, ஒழுங்கா நடத்தறவங்க இதுக்குக் கோபப்படவே மாட்டாங்க. பிள்ளையோட கதையையோ ஃபோட்டோவையோ ஃபேஸ்புக்ல போடறதா இருந்தா உங்ககிட்டயும் அவகிட்டயும் முன்கூட்டியே கேக்கணும்னு சொல்லி வைங்க. அப்புறம் முக்கியமா, நாலு வாரம் ஃப்ரீயா நடத்திட்டு "உங்க பொண்ணு கதை ரொம்ப பிரமாதம், தொகுப்பா புக் போடறோம், இவ்ளோ ரூபா கட்டுங்க"ன்னு வந்தா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. போட்டிக்கு அனுப்பணும்னு அவளே ஆசைப்பட்டா காசு கேக்காத நல்ல போட்டி இருக்கு, குயின்ஸ் காமன்வெல்த் எஸ்ஸே காம்பெட்டிஷன், 1883லேர்ந்து நடக்கறது, காமன்வெல்த் நாட்டுப் பிள்ளைங்க 18 வயசு வரைக்கும் எழுதலாம், 14 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு ஜூனியர் பிரிவு தனியா இருக்கு. அவளா கேட்டா மட்டும். நீங்க ஃபார்மை நீட்டாதீங்க.

வேலையைப் பத்தி கேட்டீங்களே, அதையும் சொல்லிடறேன். இந்தச் சின்னத் தீவுல நாவல் எழுதி மட்டும் குடும்பம் நடத்தறது ரொம்பக் கஷ்டம், அப்படி யாராவது உங்களுக்கு ஆசை காட்டினா நம்பாதீங்க. ஆனா நல்லா எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு இங்க வேலை இருக்கு. இங்கிலீஷ், ஃப்ரெஞ்ச், கிரியோல் மூணுலயும் சரளமா எழுதறவங்களை விளம்பர ஏஜென்சியும், ஹோட்டல் மார்க்கெட்டிங்கும், எபென் ஐ.டி நகரத்துல இருக்கற கம்பெனிங்களும் தேடுவாங்க, பத்திரிகை, ரேடியோ, டிவி இருக்கு, லாயருக்கும் டீச்சருக்கும் எழுத்துதான் பாதி வேலை. இதுக்கெல்லாம் கிரேடு 8லேயே தயார் பண்ணணும்னு ஒண்ணும் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன எழுதின, காட்டு"ன்னு கேக்கறதை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்திக்குங்க. அவ மேசையில இல்லாதப்ப நோட்டைப் பிரிச்சும் பார்க்காதீங்க. கதைல ஒரு கெட்ட அம்மா வருவா, எல்லா பிள்ளைங்க கதைலயும் வருவா, அது நீங்கன்னு நினைச்சு அழ வேண்டாம். நிஜமாவே கவலைப்படற மாதிரி ஏதாவது இருந்தா உங்ககிட்ட வந்து பேசற பொறுப்பு நடத்தறவங்களுக்கு இருக்கு, அதையும் முதல் நாளே கேட்டு வச்சுக்குங்க.

இப்ப மேத்ஸ். போன டெர்ம் ரிப்போர்ட்ல அவ மேத்ஸ் மார்க் என்னன்னு நீங்க எழுதவே இல்ல. நல்லா வாங்கற பிள்ளைன்னா வாரத்துல ஒரு லெசோன் குறைஞ்சா ஒண்ணும் ஆகாது. வீக்குன்னா லெசோனை நிறுத்தாதீங்க, என்.சி.இல மேத்ஸை விட முடியாது, ஆனா அந்த சார்கிட்டயே வார நாள்ல சாயங்காலம் வேற பேட்ச் இருக்கான்னு கேளுங்க, பெரும்பாலும் இருக்கும். அவர் முடியாதுன்னா வேற சாரைப் பாருங்க, லைப்ரரி நேரத்தை மாத்தச் சொல்லி அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம், பாவம் அவங்க ஃப்ரீயா வர்றவங்க. மார்க் ஷீட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டு எந்த லெசோனை வச்சுக்கலாம், எதை விடலாம்னு சொல்றேன்.