வலது ஓரத்து எண் உங்கள் நாய்க்கானது அல்ல

நாயின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையோர வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அனேகமாக எல்லோரும் அனுப்பியிருப்பது மனிதர்களுக்கான லேபில் எடுத்த ரிப்போர்ட். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது, 18 கிலோ. ஐந்து நாளாகக் காய்ச்சல். சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. காதுக்குள் உண்ணி இருந்தது. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9.2, பிசிவி 28, எம்சிவி 66, வெள்ளையணு 5,400, பிளேட்லெட் 62,000, எஸ்ஜிபிடி 84, யூரியா 38, கிரியாட்டினின் 0.9, மொத்தப் புரதம் 8.6, அல்புமின் 2.1. பல இடத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஈரல் கெட்டுவிட்டதா? – வாசகி, தங்கச்சிமடம்

பதில்: எஸ்ஜிபிடி என்பது ஈரல் அணுக்களில் இருக்கும் ஒரு நொதி. அது 84 என்பதை வைத்து ஈரலைக் குறை சொல்ல முடியாது, அம்மா. ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ‘இயல்பு அளவு’ என்று அச்சிட்டிருப்பது மனிதருக்கான அளவு. மனிதருக்கு 40-ஐத் தாண்டினாலே தடித்த எழுத்து விழும். நாய்க்கு 100 வரை பயமில்லை. எம்சிவி என்பது சிவப்பணுவின் பருமன். மனிதருக்கு 80 முதல் 100, நாய்க்கு 60 முதல் 77. ஆகவே 66 என்பது சரியான அளவு. அதற்கும் வீணாகத் தடித்த எழுத்து.

இதைவிடப் பெரிய தொல்லை, தடித்த எழுத்து விழ வேண்டிய இடத்தில் விழாமல் போவது. மனிதருக்கு வெள்ளையணு 4,000-லிருந்து இயல்பு. அதனால் உங்கள் 5,400 சாதாரண எழுத்தில் இருக்கிறது. நாய்க்கு 6,000 முதல் 17,000 வரை இருக்க வேண்டும். அப்படியானால் இது குறைவு. நாய்க்கான மற்ற அளவுகளையும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்: ஹீமோகுளோபின் 12–18, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது) 37–55, பிளேட்லெட் 2 முதல் 5 லட்சம், மொத்தப் புரதம் 5.4–7.5, அல்புமின் 2.5–3.8, கிரியாட்டினின் 0.5–1.5. மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். அடுத்த முறையும் அதே லேபில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

இனி எண்களைச் சேர்த்துப் பாருங்கள். ரத்தசோகை, வெள்ளையணு குறைவு, பிளேட்லெட் குறைவு என்று மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன. மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் 6.5 வருகிறது. அதுதான் குளோபுலின், அதாவது உடம்பு நோயை எதிர்த்துச் செய்யும் புரதம். சாதாரணமாக அது 4.5-ஐத் தாண்டாது. காய்ச்சல், உண்ணி, பிளேட்லெட் சரிவு, குளோபுலின் ஏற்றம் நான்கும் ஒரே நாயிடம் இருந்தால் முதல் சந்தேகம் எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சல்மீதுதான். குளோபுலின் இந்த அளவுக்கு ஏறியிருப்பதைப் பார்த்தால், நோய் ஐந்து நாளில் வந்ததாகத் தெரியவில்லை. காய்ச்சல் வெளியே தெரிந்ததுதான் ஐந்து நாள்.

மருந்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 62,000 என்று சொன்னது மெஷின். ரத்தம் எடுக்கத் தாமதமாகி, பிளேட்லெட்டுகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டால் மெஷின் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். இழுத்த தடம் மெலிந்து முடியும் ஓரத்தில்தான் கொத்துகள் ஒதுங்கும். கொத்து இல்லை என்றால், எண்ணெய் லென்ஸில் ஒரு வட்டத்துக்குள் தெரியும் பிளேட்லெட்டை எண்ணி 15,000-ஆல் பெருக்குவார்கள். வட்டத்துக்கு நான்குதான் தெரிகிறது என்றால் 60,000. மெஷின் சொன்னது சரி. பத்துக்கு மேல் தெரிந்தால் மெஷின் தவறு. அதே தகட்டில் சிவப்பணுவுக்குள் பபேசியா என்னும், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். எர்லிக்கியா தகட்டில் கண்ணில் படுவது அபூர்வம். ‘தகட்டில் கிருமி இல்லை’ என்ற ஒரு வரியை நம்பி வைத்தியத்தைக் கைவிட வேண்டாம்.

துளி விட்டுப் பார்க்கும் கிட் சோதனை கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளைத்தான் காட்டும். நோய் தொற்றி ஓரிரு வாரத்தில் எடுத்தால் ‘இல்லை’ என்று வரலாம். குணமான பிறகும் பல மாதம் ‘உண்டு’ என்றே காட்டும். சந்தேகம் தீராவிட்டால் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை எடுக்க வேண்டும். மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எர்லிக்கியாவுக்கு வழக்கமான மருந்து டாக்சிசைக்ளின். கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கணக்கு, 28 நாள். உங்கள் நாய்க்கு 180 மில்லிகிராம் வரும். மாத்திரையாக எப்படிப் பிரிப்பது என்று மருத்துவர் எழுதித் தருவார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுச் சோறு தின்னும். பெரும்பாலோர் தவறுவது அங்கேதான்: மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சோற்றோடு கொடுங்கள், பின்னால் தண்ணீர் காட்டுங்கள். மாத்திரை தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாகும். பாலில் கலக்க வேண்டாம், பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காய்ச்சலுக்கு என்று வீட்டிலிருக்கும் ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் எதையும் தொடாதீர்கள். பிளேட்லெட் குறைந்த நாய்க்குக் குடலில் ரத்தம் கசியவைக்கும். ஈறிலோ அடிவயிற்றிலோ குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளி, மூக்கில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். பிளேட்லெட் முதலில் ஏறும், ஹீமோகுளோபின் மெதுவாகப் பின்தொடரும், குளோபுலின் இறங்க மாதக்கணக்காகும். மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் இறங்கினால் பபேசியாவைத் தேட வேண்டும். அதற்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது.

நாயின்மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம்தான். மிச்சம் வீட்டில் இருக்கிறது. ரத்தம் குடித்துப் பருத்த பெட்டை உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும், ஓலைக் கூரை இடுக்கிலும், பழைய வலை சுருட்டிவைத்த மூலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு மூலையை விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான்.

கேள்வி: பத்து வயது லாப்ரடார். யூரியா 92, கிரியாட்டினின் 1.9. நிறையத் தண்ணீர் குடிக்கிறது. மீன் தலை அவித்துப்போட்ட சோறுதான் சாப்பாடு, எப்போதாவது கருவாடு. கிட்னி போய்விட்டது என்கிறார்கள். – வாசகர், பாம்பன்

பதில்: முதலில் யூரியாவை 2.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நாய்களுக்கான அட்டவணைகளில் இருப்பது யூரியா அல்ல, பியுஎன், அதாவது யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும். உங்கள் 92 அந்தக் கணக்கில் 43. இயல்பு 28 வரை. ஏற்றம் உண்மைதான், ஆனால் 92 என்று பார்த்துப் பதறும் அளவுக்கு இல்லை.

இது சிறுநீரகக் கோளாறா, உடம்பில் நீர் வற்றியதாலா என்பதை ரத்தம் மட்டும் சொல்லாது. சிறுநீர் சொல்லும். காலையில் வெளியே விட்டதும், கழுவிக் காய்ந்த எவர்சில்வர் கரண்டியில் முதல் சிறுநீரைப் பிடியுங்கள். ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்பதை, ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள், நிறம் மாறும் பட்டையைத் தோய்த்துப் பார்க்கும் சோதனையில் வரும் ஒப்படர்த்தி நாய்க்கு நம்பத்தக்கதல்ல. 1.030-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நீரைச் சுண்டவைக்கும் வேலையை இன்னும் செய்கிறது. 1.008-க்கும் 1.012-க்கும் நடுவில் நின்றால் கவலைப்பட வேண்டும். சிறுநீரில் புரதமும் கிரியாட்டினினும் என்ன விகிதம் என்றும் பாருங்கள், 0.5-ஐத் தாண்டக் கூடாது.

கிரியாட்டினின் பிந்தித்தான் ஏறும். சிறுநீரகத்தின் வேலையில் முக்கால் பங்கு போன பிறகே அது எல்லையைத் தாண்டும் என்பது பழைய கணக்கு. நாள்பட்ட கோளாறு என்று உறுதியானால், கிரியாட்டினின் 1.4 முதல் 2.8 வரை இருப்பது நான்கு நிலைகளில் இரண்டாம் நிலை. இந்த நிலையில் வருடக்கணக்காக நன்றாக இருக்கும் நாய்கள் உண்டு.

கருவாட்டை இன்றோடு நிறுத்துங்கள். எலும்போடு கூடிய மீன் தலையில் பாஸ்பரஸ் அதிகம், அதையும் குறையுங்கள். முள் எடுத்த சதை, முட்டை வெள்ளைக்கரு, சோறு தரலாம். புரதத்தை ஒரேயடியாக நிறுத்தினால் சதை கரையும். ‘அடிக்கடி மூத்திரம் போகிறது’ என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் மோசம். வீட்டுக் கிணறு உவர்ப்பாக இருந்தால் நாய்க்கும் நீங்கள் குடிக்கும் குடத்துத் தண்ணீரையே வையுங்கள்.

கேள்வி: பொட்டாசியம் 11, கால்சியம் 4, சர்க்கரை 41. ‘உயிருக்கு ஆபத்து’ என்று லேபிலிருந்து போன். நாயோ கடற்கரையில் நண்டு துரத்திக்கொண்டிருக்கிறது! – வாசகர், தொண்டி

பதில்: நண்டு துரத்தும் நாயை நம்புங்கள். பொட்டாசியம் உண்மையிலேயே 11 இருந்தால் அது எழுந்தே நிற்காது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க பொட்டாசியம் கலந்த இடிடிஏ உப்பு இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். பொட்டாசியம் வானத்துக்கும் கால்சியம் பாதாளத்துக்கும் சேர்ந்தே போயிருந்தால் காரணம் அனேகமாக இதுதான்.

சர்க்கரைக்குக் காரணம் வேறு. எடுத்த ரத்தத்திலுள்ள அணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 10 சதவீதம் வரை. வெயிலில் பஸ்ஸில் ராமநாதபுரம் போய், லேபில் மேஜையில் கிடந்து, மாலையில் மெஷினில் ஏறினால் பாதி காணாமல் போயிருக்கும். எடுத்த அரை மணியில் அணுக்களிலிருந்து சீரத்தை, அதாவது தெளிந்த நீர்ப்பகுதியை, பிரித்துவிட வேண்டும். முடியாத இடத்தில், அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும் மருந்துள்ள சாம்பல் மூடிக் குழாய் கேளுங்கள்.

மறுமுறை 8 முதல் 12 மணி நேரம் சாப்பாடு இல்லாமல் கொண்டுபோங்கள், தண்ணீர் தரலாம். ஊதாக் குழாயைக் கோடுவரை நிரப்பி, குலுக்காமல் எட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியில் போகும்போது குழாய் ஐஸ் கட்டியைத் தொடக் கூடாது, நடுவில் ஒரு துணி மடித்து வையுங்கள். ரத்தம் இழுத்த கண்ணாடித் தகட்டை மட்டும் ஐஸில் வைக்காதீர்கள். வியர்த்து, அணுக்கள் உடைந்துவிடும்.

கேள்வி: சிப்பிப்பாறை நாய், பிசிவி 58. ரத்தம் கெட்டியாகிவிட்டதா? – வாசகர், சாயல்குடி

பதில்: ஓடுவதற்கென்றே பிறந்த ஒல்லி இனங்களில் பிசிவி மற்ற நாய்களைவிட உயர்ந்திருக்கும். கிரேஹவுண்டில் 60 சாதாரணம். சிப்பிப்பாறையும் அதே உடல்வாகு. ஊசியைக் கண்டு திமிறினாலும் மண்ணீரல் சுருங்கி அணுக்களை வெளியே தள்ளும், எண் ஏறும். அல்புமினும் மொத்தப் புரதமும் சேர்ந்து ஏறியிருந்தால் மட்டும் நீர் வற்றியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் குட்டிக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 260. – வாசகி, மண்டபம்

பதில்: அது ஈரலிலும் எலும்பிலும் இருக்கும் நொதி. குட்டிக்கு எலும்பு வளர்கிறது. விடுங்கள். வளர்ந்த நாய்க்கு இப்படி வந்தால், அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா என்பதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அடைமழைக்குப் பிறகு நாய் வாந்தி எடுக்கிறது, கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம். ரிப்போர்ட் நாளை வரும். காத்திருக்கலாமா? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரிப்போர்ட்டில் பிலிரூபின் (கண்ணை மஞ்சளாக்கும் நிறமி), எஸ்ஜிபிடி, கிரியாட்டினின் மூன்றும் ஏறி, பிளேட்லெட் இறங்கியிருந்தால் எலிக்காய்ச்சல் என்றே வைத்துச் சிகிச்சை தொடங்குவார்கள். தேங்கிய மழைநீரில் கலந்த எலிச் சிறுநீரால் வருவது, மனிதருக்கும் தொற்றும். வருடாந்தரத் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நாயின் நோயை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். வாளித் தண்ணீரை வீசியடித்துக் கழுவாதீர்கள், முகத்தில் தெறிக்கும்.