கார் வரிசையைக் கலைக்காதீர்கள்: மதியிறுக்கச் (ஆட்டிசம்) சிறாரும் விளையாட்டும்

என் மகனுக்கு நான்கு வயது. நாள் முழுக்கக் கார்களை வரிசையாக அடுக்குகிறான். பக்கத்தில் போனாலே என்னைத் தள்ளிவிடுகிறான். இவனோடு எப்படி விளையாடுவது? – ஒரு தாய், உட்லண்ட்ஸ்

வரிசையைக் கலைக்காதீர்கள். அதுதான் அவன் விளையாட்டு. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, நீங்களும் சில கார்களை அதேபோல் அடுக்குங்கள். "இது என்ன கலர்?" என்று கேட்க வேண்டாம், கேட்டதுமே விளையாட்டு பரீட்சையாகிவிடும். உங்கள் வரிசையை அவன் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே முதல் சில நாளுக்குப் போதும்.

அப்புறம், அடுத்து அவன் தேடும் காரை நீங்கள் எடுத்து நீட்டுங்கள். வாங்கி அடுக்குவான், மறுபடி உங்கள் கையைப் பார்ப்பான். இப்படி ஒருவர் தொடங்க மற்றவர் பதில் தருவதை ஒரு 'தொடர்பு வட்டம்' என்றார், பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடும் ஃபுளோர்டைம் முறையை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பான். வட்டங்கள் ஒன்று இரண்டாகப் பெருகுவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வாயால் எத்தனை வார்த்தை சொன்னான் என்பது அதற்குப் பிறகுதான்.

நன்றாகப் பழகியதும் ஒரு காரை 'உர்ர்' என்று ஓட்டி வந்து அவன் முன் நிறுத்திப் பாருங்கள். சிரித்தால் தொடருங்கள். முகம் சுளித்தால் உடனே எடுத்துவிடுங்கள். தன் 'வேண்டாம்' எடுபடுகிறது என்று தெரிந்த பிள்ளைதான் அடுத்த முறை உங்களைப் பக்கத்தில் விடும்.

பேரனுக்கு ஆங்கிலத்தில் சிகிச்சை நடக்கிறது. தமிழும் பேசினால் குழம்பிவிடுவான் என்கிறார்கள். நான் பேசாமலே இருக்க வேண்டுமா? – ஒரு பாட்டி, ஈசூன்

வேண்டவே வேண்டாம், அம்மா. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு மேலும் தாமதமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களால் கைவழியே நண்டு ஊரவிட்டு, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அதை விளையாடுங்கள். அக்குளுக்குச் சற்று முன்னால் விரலை நிறுத்திக் காத்திருங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்க்கலாம், கையை இழுக்கலாம், ஒரு சத்தம் போடலாம். எதுவானாலும் அது பதில்தான். கிச்சுக்கிச்சு பிடிக்காத பிள்ளையென்றால் உள்ளங்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணைப் பார்த்துப் பேச வைக்க விளையாட்டு ஏதும் உண்டா? – ஒரு தந்தை, பொங்கோல்

கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். மதியிறுக்கம் உள்ள பலருக்கு அது உண்மையிலேயே வேதனை. நீங்கள் காட்டும் பொருளைப் பிள்ளையும் பார்த்தால் போதும்.

மகளுக்கு ஒன்பது வயது. நன்றாகப் பேசுவாள். ஆனால் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விளையாடும் பிள்ளைகளோடு ஒட்ட மாட்டேன் என்கிறாள். – ஒரு தாய், தெம்பனிஸ்

ஓடிப் பிடிக்கும் கூட்டத்தில் யார் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. அதுவே அவளுக்குப் பெரிய பாரமாக இருக்கலாம். விதி தெளிவான விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். உளவியலாளர் டேனியல் லெகோஃப் வகுத்த, லெகோ துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் லெகோ சிகிச்சையில் ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்வார், ஒருவர் துண்டைத் தேடித் தருவார், ஒருவர் கட்டுவார். பிறகு முறை மாறும். ஒருவரையொருவர் கேட்காமல் வேலை நடக்காது. ஒரே ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து, நீங்களே மூன்றாவது ஆளாக உட்காருங்கள். அவள் களைத்துவிட்டால் அன்றைக்கு அதோடு சரி.

பிள்ளைக்கு மதியிறுக்கமோ என்று சந்தேகம் இருக்கிறது. எங்கே தொடங்குவது? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

சிங்கப்பூரில் என்றால் முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். அங்கிருந்து கேகே மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு வளர்ச்சிக்கு ஆரம்பத்திலேயே உதவும் ஈப்பிக் (EIPIC) எனும் திட்டம் உண்டு. இடம் கிடைக்கும்வரை தினமும் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். மதியிறுக்கத்தைக் 'குணப்படுத்துகிறோம்' என்று முன்பணம் கேட்கும் யாரிடமும் பணம் கட்டாதீர்கள்.